தூரலூரின் எட்டு எண்கள்

1

காலை ஆறே கால். ஞாயிற்றுக்கிழமை, மே மாதம்.

இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இந்த நேரம் ஒன்றுதான். அப்போது நான் ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கதை பிறந்த இடம் அதுதான். மற்றதெல்லாம் அதை மறைக்க நான் எழுப்பிய சுவர்.

நெதர்லாந்தின் வடகோடியில், ஒரு சிறு துறைமுகத்தில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் யார் யாரென்று தெரிந்துவிடும்.

தாய்மொழியில் எழுதினால்தான் உண்மை வரும் என்று முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். இங்கே யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதுவது அதனால்தான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

[தூரலூர் 1957ஆம் ஆண்டு கடற்படைக்காகக் கட்டப்பட்டு, கண்ணிவெடிகளை அகற்றும் பணியில்] இதில் யாருமே இல்லை. யாரும் இல்லாத இடத்தில் வெட்கப்படவும் ஆள் இல்லை.

[கிரேன் பழைய எஞ்சினை மேல்தளத்தின் துளை வழியாகத் தூக்கியபோது, யாரும் சொல்லாமலே, நாற்பது பிள்ளைகளும் தொப்பியைக் கழற்றினார்கள்.] நடந்தது அப்படித்தான். ஆனால் இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் நான் எழுந்து போய்க் காபி போட்டேன். ஏதோ கடனை அடைத்தவன் போல. அதனால் எடுத்துவிட்டேன்.

[பெரெண்ட் மூல்டருக்குக் கை நடுங்குகிறது.] கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

3

தூரலூர் ஒரு ஊர் அல்ல. சேற்றுமேட்டில் இரை தேடும் சிவப்புக்கால் பறவையின் பேர். கடற்படை கழித்துவிட்ட அந்தச் சிறு கப்பலில், சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வந்து கடல்வேலை கற்கிறார்கள். கோடையில் இரண்டு வாரம் அதிலேயே தங்கித் தீவுகளுக்குப் போய் வருவார்கள். வருடம் முழுக்க அவர்கள் பேசுவது அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான்.

எஞ்சின்கள் இரண்டும் என்னைவிட மூத்தவை. மாற்றியாக வேண்டும் என்று ஆனதும் பிள்ளைகள் நான்கு வருடம் கார் கழுவினார்கள், வீடு வீடாக பிஸ்கட் விற்றார்கள். வேலையை முன்னின்று நடத்தியவர் பெரெண்ட். எழுபத்தொரு வயது. இழுவைப் படகுகளில் நாற்பது வருடம் எஞ்சின் பார்த்தவர். நான் அவருக்கு உதவி.

புது எஞ்சின்கள் வந்திறங்கிய அன்று அவர் அவற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது எஞ்சின் இல்ல. தையல் மெஷின்."

சமையல்காரர் யாப் பட்டாணி சூப் வாளியோடு நின்றார். "தையல் மெஷினாவது சொன்னா ஓடும். உன் பழசு ரெண்டும் இருமிக்கிட்டேல்ல கெடந்துச்சு."

"அது இருமல் இல்லடா. உன் சூப்போட வாசனை எஞ்சின் ரூமுக்குள்ள வந்திருக்கும்."

* இங்கே எழுபது வயதுக்காரரையும் பேர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் தமிழில் எழுதும்போது பெரெண்டுக்கு என் கை 'நீங்க' என்றே போடுகிறது. திருத்தவில்லை. மரியாதையிலாவது குறை வைக்காமல் இருக்கலாம்.

4

எஞ்சினிலிருந்து வரும் தண்டும் கப்பலைத் தள்ளும் சுழலிக்குப் போகும் தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டைத் தாங்கும் பேரிங் சூடேறிவிடும். இரண்டும் சேரும் இடத்தில் இரண்டு வட்டத் தட்டுகள் முகத்தோடு முகம் நிற்கும். அவற்றின் இடைவெளியை மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். அளக்க மெல்லிய எஃகு இதழ்கள் கொண்ட ஃபீலர் கேஜ். நான்கு அளவுகளுக்குள் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு, அதாவது 0.05க்கு, மேல் போகக்கூடாது.

தரையில் ஏற்றி வைத்திருந்தபோது எல்லாம் சரியாக வந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் இறக்கியதும் கப்பலின் உடம்பே கொஞ்சம் வளையும். இரண்டு நாள் மிதக்க விட்டு மறுபடி அளந்தால்தான் கணக்கு. வெள்ளிக்கிழமை தண்ணீரில் இறக்கினோம். ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு, பெற்றோர்கள் முன்னால், எஞ்சின்களை முதல் முறையாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை மாலை எஞ்சின் அறையில் பெரெண்ட் சொன்னார்:

"நாளைக்குக் காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. ஆறே காலுக்குள்ள. ஒரு பக்கம் வெயில் பட்டாலே இரும்பு நெளியும்."

"தெரியும்."

"தெரியும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. தண்ணி டாங்க் ரொம்பியிருக்கணும். வேற ஒருத்தன் கப்பல்ல ஏறக்கூடாது, பூனை கூட. நீ மட்டும்."

"நீங்க வரலையா?"

அவர் வலது கையை கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஃபீலர் கேஜை அதில் பிடித்துக் காட்டினார். எஃகு இதழ்கள் கடகடவென்று ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

"இது வந்து என்ன பண்ணும்? தாளம் போடும்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வயசாயிடுச்சுன்னார். அதுக்கு எதுக்கு டாக்டர், வீட்டுக் கண்ணாடியே சொல்லுமே."

"ஹில்லிக்குத் தெரியுமா?"

கப்பலில் கடல்வேலை கற்கும் இந்தப் பிள்ளைகள் படைக்கு ஹில்லிதான் தலைவி. பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளைத் திட்டும் அதே குரலில் எங்களையும் திட்டுவாள்.

"தெரிஞ்சா என்னை யாப் பக்கத்துல உக்கார வெச்சு வெங்காயம் உரிக்க விட்டுருவா. அதுக்கு நான் நேரா கடல்ல குதிக்கலாம்." கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பெரிய ஸ்பேனர்னா ரெண்டு கையாலயும் பிடிக்கிறேன், நடுக்கம் தெரியல. அளக்கிறது உன் வேலை, முறுக்குறது என் வேலை. நீ அளவைத் தாள்ல எழுதி வை. பத்து மணிக்கு வந்து எஞ்சினைப் பிடிக்கிற போல்ட்டை முறுக்கிடறேன்."

அளவுத் தாளின் அடியில் அப்போதே கையெழுத்துப் போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. நேரம் பிடித்தது. எண்களுக்கான எட்டுக் கட்டங்களும் காலியாக இருந்தன.

5

ஞாயிறு காலைக்கு வருகிறேன்.

[அன்று எனக்குக் கடும் காய்ச்சல்] இல்லை.

[துறைமுகப் பாலம் திறந்தே மாட்டிக்கொண்டதால் அக்கரைக்குப் போக முடியாமல்] இந்த வரைவில் நான்கு பக்கம் எழுதினேன். பாலத்தில் காத்திருக்கும் மீன் லாரி, ஓட்டுநர் நீட்டிய ஆப்பிள் எல்லாம் வந்தன. நன்றாக வந்தன. பாலம் அன்று மூடித்தான் இருந்தது.

[மனைவி திடீரென்று] அவளை இதில் இழுக்க மாட்டேன்.

நடந்தது: ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. விழித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. போர்வை சூடாக இருந்தது. மழை பெய்தால் வெயில் ஏறாது, ஏழு மணிக்குப் போனாலும் போதும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கும் மழை பெய்தது. தரையில் சரியாகத்தானே இருந்தது என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். ஒரு கதைக்கு இது போதாது என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சொல்வார்.

6

ஒன்பது நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். மேல்தளத்தில் முப்பது பேர். ஆப்பிள் கேக், காபி, கொடிகள். ஒரு பக்கம் வெயிலும் வந்துவிட்டது. இப்போது அளந்து பயனில்லை. ஹில்லியிடம் போய், விழாவை வேறு நாளுக்குத் தள்ளு என்று சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தை கூட வராது.

எஞ்சின் அறைக்கு இறங்கினேன். இன்னும் இருபது நிமிடத்தில் பெரெண்ட் வருவார். காகிதக் கோப்பை ஒன்றின் வெளிப்புறத்தில் எழுதிப் பார்த்தேன். வலது எஞ்சின்:

[0.05 0.05 0.05 0.05]

அடித்தேன். நான்கும் ஒன்றாக இருந்தால் பெரெண்ட் சிரிப்பார்.

[0.02 0.08 0.03 0.06]

அடித்தேன். வித்தியாசம் கூடிவிட்டது. மறுபடி அளக்கச் சொல்வார்.

0.05 0.04 0.05 0.03

இது நின்றது. இடது எஞ்சினுக்கு 0.04 0.04 0.06 0.05. தாளில் ஏற்றினேன். கோப்பையைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன். இந்த எட்டு எண்கள் அளவுக்கு நம்பப்பட்டது எதுவுமில்லை. நம்பகத்தன்மைக்குக் கொஞ்சம் ஒழுங்கின்மை வேண்டும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் இளம் எழுத்தாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

பத்து மணிக்கு பெரெண்ட் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தாளைப் பார்த்தார்.

"வலது கீழ 0.04-ஆ?"

"ஆமா."

"தரையில 0.05 இருந்துச்சே. பாத்தியா, கப்பல் எப்படி உக்காருதுன்னு." அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. "உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்காம நாற்பது வருஷம் கழிச்சேன்டா."

போல்ட்டுகளை முறுக்கினார். பதினோரு மணிக்கு எஞ்சின்கள் ஓடின. யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

7

ஜூலை மாதம். கோடைப் பயணத்தின் முதல் நாள். பதினாறு பிள்ளைகள்.

[வாடன் கடலின் வெள்ளிச் சேற்றுவெளியில் கடல்நாய்கள் தலை தூக்கிப் பார்க்க] வேண்டாம்.

துறைமுகத்தை விட்டு மூன்று மணி நேரத்தில் வலது தண்டின் பேரிங் சூடேறிப் புகைந்தது. எஞ்சின் அறை முழுக்கப் புகை. ஹில்லி இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தி நங்கூரம் போட்டாள். பிள்ளைகளை உயிர்காப்பு அங்கியோடு மேல்தளத்தில் வரிசையாக உட்கார வைத்தாள். மீட்புப் படகு வந்து இழுத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

* 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று வேகமாக எழுதிவிட்டேன். மீட்புப் படகு வரும்வரை ஒரு மணி நேரம் அவர்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கரையில் இருந்தேன். ஹில்லி சொல்லித்தான் தெரியும்.

கோடைப் பயணம் ரத்தானது. பிள்ளைகள் மூட்டைகளோடு பெற்றோரின் கார்களில் ஏறினார்கள்.

கப்பல் பட்டறையிலிருந்து ஒருவர் வந்து அளந்தார். வலது எஞ்சினில் வித்தியாசம் 0.38. இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும் என்றார். முதலில் அளந்தது தப்பு. இல்லையென்றால் போல்ட் முறுக்கும்போது எஞ்சின் நகர்ந்திருக்கிறது.

8

கூட்டம் கப்பலின் சாப்பாட்டு அறையில் நடந்தது. காபிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட். டப்பா ஒரு சுற்று வந்ததும் மூடிவிடுவார்கள். அன்று யாரும் மூடவில்லை.

ஹில்லி அளவுத் தாளை மேஜையில் வைத்தாள். "எண்கள் எல்லாம் சரியா இருக்கு. கீழ பெரெண்ட் கையெழுத்து."

"அளவு எடுத்தது தயா," என்றார் பெரெண்ட்.

நான் நிமிர்ந்தேன். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் ஒரு நிம்மதி.

"தயா எடுத்தா எடுத்ததுதான்," என்று அவரே தொடர்ந்தார். "அதுல எவனும் கை வைக்க வேண்டாம்."

"அப்போ?" என்றாள் ஹில்லி.

"அப்போ முறுக்கினதுல."

"நாற்பது வருஷமா முறுக்குற ஆளு நீ."

பெரெண்ட் பையிலிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த கோப்பை தட்டில் கிணுகிணுத்தது. யாப் எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் ஹில்லி. அந்தக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"போன வருஷத்துலேருந்து. முன்னாடியே சொல்லியிருக்கணும். பதினாறு புள்ளைங்க, ஹில்லி. என் கையால."

அந்த நொடியில் நான் செய்ததை எழுத வேண்டும். மூன்று வரைவுகளில் இதை விட்டுவிட்டேன்.

பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் இருந்தவர் பக்கம் தள்ளினேன்.

பெரெண்ட் எஞ்சின் அறைச் சாவியைக் கழற்றி வைத்தார். ஹில்லி அதை எடுக்கவில்லை. "வியாழக்கிழமை எல்லாரும் சேந்து முடிவெடுக்கலாம். அதுவரைக்கும் தயா பாத்துக்கட்டும்," என்றாள். சாவி என் முன்னால் வந்தது.

வியாழக்கிழமை அவர்கள் முடிவு செய்யப்போவது ஒன்றைத்தான். பெரெண்ட் இனி அந்த அறைக்குள் இறங்கலாமா, கூடாதா.

9

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

அ. வியாழக்கிழமை நான் எழுந்து நின்று சொல்கிறேன். இதில் என் குரல் உடைகிறது, பெரெண்ட் என் தோளில் கை வைக்கிறார். இந்தத் தோள், இந்தக் கை இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்த பிறகு பார்த்தால் நான் எழுந்து நிற்பதும் சேர்ந்து போயிருந்தது.

ஆ. ஹில்லிக்குக் கடிதம். டச்சு மொழியில் ஆறு வரி எழுதினேன். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று இருந்தது. யார் செய்த தவறு என்பது வாக்கியத்திலேயே இல்லை.

இ. கூட்டத்துக்கு முந்தின நாள் பெரெண்ட் இறந்துவிடுகிறார். இதை எழுதியபோது எனக்குள் ஒரு ஆறுதல் இறங்கியது. எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் ஆறுதல் என்று முதலில் எண்ணினேன். அது அல்ல. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்தக் கதையில் வேறு எதை மன்னித்தாலும் இதை மன்னிக்காதீர்கள்.

ஈ. நீங்கள் எழுதுவது. நேரம், இடம், ஆட்கள் எல்லாம் கொடுத்திருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கு எளிதாகத்தான் தெரியும். எனக்கும் தெரியும்.

கதையை இங்கே விட்டிருந்தேன்.

10

இன்று புதன்கிழமை. பிற்பகல் நாலு மணிக்கு பெரெண்ட் வந்தார். இது வரைவில் இல்லாதது.

சமையலறை மேஜையில் இந்தத் தாள்கள் பரந்து கிடந்தன. மறைக்கவில்லை. மறைக்க அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

எண்ணெய்த் துணியில் சுற்றிய எதையோ மேஜைமேல் வைத்தார். அவருடைய ஃபீலர் கேஜ்.

"சனிக்கிழமை மறுபடி அளப்பீங்கல்ல. பட்டறைக்காரன் கேஜை நம்பாத, நுனி தேஞ்சிருக்கும். இதை வெச்சுக்க."

"இது உங்களோடது."

"நான் வெச்சுக்கிட்டு என்ன, ஜால்ரா போடவா?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "காபி இல்லையா இந்த வீட்டுல?"

போட்டுக் கொடுத்தேன். பாதிதான் ஊற்றினேன். அவர் அதைக் கவனித்தார்.

"நாளைக்கு நான் வரல," என்றார். "என்ன முடிவோ நீ வந்து சொல்லு. ஹில்லி அழுதா எனக்குப் பாக்க முடியாது." தாள்களைப் பார்த்தார். "என்ன இது, நூடுல்ஸைக் கொட்டின மாதிரி?"

"கதை."

"எதைப் பத்தி?"

"கப்பலைப் பத்தி."

"நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"நல்லவனா?"

"ஆமா."

"அப்போ எவனும் படிக்க மாட்டான்." சிரித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒரு தாளை எடுத்து, நடுக்கம் தெரியாமலிருக்க மேஜைமேலேயே வைத்து, விரலை வரிவரியாக நகர்த்தினார். அவருக்கு ஒன்றும் புரியாத பக்கம். பிள்ளைகள் படம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு போனார்.

விரல் நின்றது.

"அட. இது நம்ம வலது எஞ்சின்ல? 0.05, 0.04, 0.05, 0.03. மனப்பாடம்டா எனக்கு. ராத்திரி தூக்கத்துல கூட வருது."

எண்களை எழுத்தால் எழுதியிருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை.

விரல் கொஞ்சம் மேலே போனது. அங்கே இருந்த இரண்டு வரிசைகளையும், அவற்றின் குறுக்கே நான் இழுத்திருந்த கோடுகளையும் பார்த்தார். மறுபடி கீழே வந்தது. மறுபடி மேலே. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் கை தாளின்மேல் இருந்தது, தாள் மெல்லச் சலசலத்தது.

இதற்குப் பிறகு நான் சொன்னதை எழுதலாம். எழுதினால் அதையும் நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் கேட்டார்:

"அளந்தா ஒரு எண்ணுதானே வரும், தயா. இங்க ஏன் மூணு வரிசை இருக்கு?"